மருந்து முதியவர்களுக்கு, ஆய்வு மட்டும் இளையவர்களிடமா?

(விழுப்புரத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நாம் இங்கே கூடும்போது பெரும்பாலும் கல்வி, இடஒதுக்கீடு, நிலம், வன்கொடுமை வழக்குகள் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு நான் மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் தினமும் போட்டுக்கொள்ளும் மாத்திரை. நான் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆய்வுகளில் யாரைச் சேர்க்கிறார்கள், யாரிடம் எப்படி ஒப்புதல் வாங்குகிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆயாவிலிருந்து தொடங்குகிறேன். நடவு, களை, அறுப்பு என்று ஐம்பது வருடம் சேற்றில் நின்ற உடம்பு. பிரஷர் இருக்கிறது என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு கால் வீங்குகிறது என்றதற்கு ஒரு நீர் மாத்திரை. தூக்கம் வரவில்லை என்றதும் இரவுக்கு இன்னொன்று. மூன்றையும் ஒரு நாள் விடாமல் போட்டுக்கொண்டார். எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கிறது என்று இரண்டு முறை போய்ச் சொன்னார். "வயசாயிடுச்சி பாட்டி, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போக எழுந்தவர் வாசற்படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. நான்கு மாதம் படுக்கை. அதன் பிறகு அவர் வயல் வரப்பை மிதிக்கவே இல்லை.

மாத்திரையால்தான் விழுந்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கையில் இருந்தபோது அவர் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. "நல்லதுக்குத்தான் கண்ணு குடுத்தாங்க. ஆனா என்ன மாதிரி கெழவிங்களுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் குடுத்தாங்களா?" பள்ளிக்கூடம் போகாதவர் கேட்ட கேள்வி. இன்றைய மருத்துவ உலகம் அதற்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

ஒரு புதிய மருந்து கடைக்கு வருவதற்கு முன்பு அதை மனிதர்களிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு குழுவுக்கு அந்த மருந்து, இன்னொரு குழுவுக்குப் பழைய மருந்தோ வெற்று மாத்திரையோ. யாருக்குக் குணமானது, யாருக்குப் பக்கவிளைவு வந்தது என்று கணக்கெடுக்கிறார்கள். இதைத்தான் கிளினிக்கல் ட்ரையல், மருத்துவ ஆய்வு என்கிறோம். இந்தியாவில் இப்படி நடக்கும் ஆய்வுகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. 2007இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏதாவது ஓர் ஆய்வைத் திறந்தால் வயதுக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். எந்த வயதிலிருந்து, எந்த வயது வரை. இரண்டாவது கட்டத்தில் 60, 65, 70 என்று எழுதியிருக்கும் ஆய்வுகளைக் கண்டுபிடிக்க நீங்கள் ரொம்ப அலைய வேண்டியதில்லை. ஏன் 65, ஏன் 70 என்பதற்கான காரணத்தைத்தான் தேட வேண்டியிருக்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, மூட்டுவலி, புற்றுநோய் எல்லாம் யாருக்கு அதிகம் வருகின்றன? வயதானவர்களுக்கு. அந்த மாத்திரைகளை அதிகம் விழுங்குவது யார்? அவர்கள்தான். ஆனால் மாத்திரை சரியா, எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்களுக்குக் கதவு சாத்தியிருக்கிறது.

வயதான உடம்பு என்பது வெறுமனே கொஞ்சம் தளர்ந்துபோன இளம் உடம்பு இல்லை, தோழர்களே. வயது ஏற ஏற சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைகிறது. சிறுநீரகத்துக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு சரியாக இருப்பதுபோல் தெரியும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வயதானவர்களுக்குத் தசையே குறைந்துபோவதால் அந்த எண்ணும் குறைவாகவே காட்டும். சிறுநீரகம் பாதி ஓய்ந்திருந்தாலும் காகிதத்தில் நார்மல் என்று வரலாம். தசை குறைந்து கொழுப்பின் விகிதம் கூடுவதால் சில தூக்க மாத்திரைகள் உடம்பில் நாள்கணக்கில் தங்கிவிடும். படுத்திருந்து எழும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று சரிசெய்துகொள்ளும் திறனும் குறைகிறது. இதற்கு மேல் ஒரே நேரத்தில் நான்கைந்து மாத்திரைகள், ஒன்றோடு ஒன்று மோதும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. பெனாக்ஸாப்ரோஃபென் என்று ஒரு மூட்டுவலி மாத்திரை. 1980இல் பிரிட்டனில் எலி லில்லி நிறுவனம் 'ஓப்ரென்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. மூட்டுவலி பெரும்பாலும் யாருக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. வயதானவர்களின் உடம்பிலிருந்து அந்த மருந்து வெளியேற இளையவர்களைவிடப் பல மடங்கு நேரமானது. தினமும் போடப் போட உள்ளே சேர்ந்துகொண்டே போனது. மஞ்சள் காமாலை கண்டு இறந்த வயதான பெண்களைப் பற்றி 1982இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட மரணங்கள் அந்த மருந்தோடு சேர்த்துப் பதிவாகியிருந்தன.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. ஸ்பைரோனோலாக்டோன் என்பது இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கிற நல்ல மருந்து. 1999இல் வெளியான ராலெஸ் என்ற ஆய்வு, அது மரணங்களைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது என்று காட்டியது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 65. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் அளவை அடிக்கடி பார்த்தார்கள். முடிவு வந்ததும் மருத்துவர்கள் எல்லோருக்கும் எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 66 வயதுக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வந்தது. பொட்டாசியம் ஏறிப்போய் மருத்துவமனையில் சேர்ந்த இதய நோயாளிகள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001இல் 11 பேர். மரணம் 0.3இலிருந்து 2 ஆனது. மருந்தில் குற்றமில்லை. ஒரு வகை உடம்பிலும் ஒரு வகைக் கண்காணிப்பிலும் சோதித்ததை வேறு உடம்புக்கு, கண்காணிப்பே இல்லாமல் கொடுத்ததுதான் பிழை.

அப்படியானால் வயதானவர்களுக்கு மருந்தே கொடுக்காமல் இருப்பது நல்லதா? அதுவும் தவறு. எண்பது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் குறைப்பதால் நன்மையா தீமையா என்று பல ஆண்டுகள் மருத்துவர்களுக்கே தெளிவில்லை. கடைசியில் 80 வயதுக்கு மேற்பட்ட 3845 பேரை மட்டுமே சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. ஹைவெட் என்று பெயர். 2008இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு 64 சதவீதமும் மொத்த மரணம் 21 சதவீதமும் குறைவு. நன்மை அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள். கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் அதற்கு முன்பு எத்தனை பேருக்குக் கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமல் போயிருக்கும்? ஆகவே தோழர்கள் யாரும் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டில் போய் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கிறுகிறுப்பு இருந்தால் மருத்துவரிடம் திரும்பப் போய், உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

கொரோனா காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நோயில் அதிகம் செத்தவர்கள் முதியவர்கள். 2020இல் பதிவான ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசினார்கள். அவர்கள் பார்த்த 18 தடுப்பூசி ஆய்வுகளில் 11க்கு வயது வரம்பு இருந்தது. மீதி 7இல் வயதானவர்களை வடிகட்டும் வேறு நிபந்தனைகள் இருந்தன. 2021 ஜனவரியில் ஜெர்மனியின் தடுப்பூசிக் குழு, ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசியை 65 வயதுக்குக் கீழே மட்டும் போடுங்கள் என்று சொன்னது. பெரியவர்களிடம் போதிய தரவு இல்லை என்பதுதான் காரணம். அதே தடுப்பூசிதான் இங்கே கோவிஷீல்டு. இங்கே மார்ச் 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போடத் தொடங்கினோம். பெரியவர்களையும் அது நன்றாகவே காக்கிறது என்று பின்னால் தெரிந்தது. முன்பே போதுமான பேரைச் சேர்த்திருந்தால் அந்தத் தயக்கத்துக்கே இடமிருந்திருக்காது.

செய்ய முடியாது என்பதும் இல்லை. அதே 2020இல் பிரிட்டனில் ரிக்கவரி என்ற ஆய்வு நடந்தது. வயதுக்கு மேல் வரம்பே வைக்கவில்லை. 176 பொது மருத்துவ அமைப்புகளில், சாதாரண வார்டுகளில் நடத்தினார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து உயிர் காக்கும் என்று 6425 பேரிடம் பார்த்து, சில மாதங்களிலேயே உலகத்துக்குச் சொன்னார்கள்.

அப்படியிருக்க ஏன் ஒதுக்குகிறார்கள்? 'அவர்கள் பாதுகாப்புக்காக' என்பதுதான் எப்போதும் வரும் பதில். இந்தப் பதிலை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவில் 1977 முதல் 1993 வரை, பிள்ளைப்பேறு வயதிலிருக்கும் பெண்களை ஆரம்பகட்ட மருந்து ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்று அரசு வழிகாட்டுதலே இருந்தது. அதுவும் பாதுகாப்புக்குத்தான். விளைவு, பெண்களின் உடம்பில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வில் நடந்திருந்தால் கண்காணிப்பில் நடந்திருக்கும். வெளியே தள்ளினால் அந்தப் பரிசோதனை கண்காணிப்பும் இழப்பீடும் கணக்கும் இல்லாமல் வீட்டுக்குள் நடக்கும். எங்கள் ஆயாவிடம் நடந்ததும் ஒரு பரிசோதனைதான். முடிவை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான காரணம் பெரும்பாலும் வசதி. பல நோய், பல மாத்திரை இருக்கிறவரைச் சேர்த்தால் கணக்கு சிக்கலாகும். நடுவில் இறந்துபோனால் மருந்தின்மீது பழி வரும். ஆகவே ஒரே ஒரு நோய் மட்டும் உள்ள, மற்றபடி திடமான ஆளைத் தேடுகிறார்கள். வயது வரம்பை எடுத்துவிட்டாலும் வேறு வாசலில் தடுப்பு இருக்கும். வேறு மாத்திரை எடுக்கக்கூடாது. தனியாக வந்துபோகத் தெரிய வேண்டும். படிவத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். காலனியிலிருக்கிற எழுபது வயது விவசாயக் கூலிப் பெண் எந்த வாசலில் நுழைவார்?

இங்கேதான் இது நம் மேடையின் பேச்சாகவும் ஆகிறது. என் களப்பணியில் ஒரு நிகழ்வு. சென்னையில் ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கான ஆய்வு ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். வரம்பு 65. ஓய்வுபெற்ற துப்புரவுத் தொழிலாளர் ஒருவரும் அவருடைய அண்ணனும் வந்திருந்தார்கள். ஆதாரில் தம்பிக்கு 67, அண்ணனுக்கு 63. இரண்டுக்கும் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. ஆதார் எடுக்கும்போது உத்தேசமாகப் போட்டது. அண்ணன் தகுதியானவர் ஆனார், தம்பி கிழவர் ஆனார். "எங்கம்மா உயிரோட இருந்தா சாட்சிக்குக் கூட்டியாந்திருப்பேன் சார்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். பிறப்புச் சான்று என்பதே தலைமுறையாக எட்டாமலிருந்த மக்களுக்கு, அந்த எண் ஒரு மருத்துவ உண்மைபோல நடத்தப்படுகிறது. நாற்பது வருடம் சாக்கடையிலும் குப்பையிலும் நின்ற உடம்பு ஐம்பத்தைந்திலேயே எழுபதாகிவிடும் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. பார்த்த வேலையையோ சாதியையோ எழுத அந்த ஆய்வின் படிவத்தில் கட்டமே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். "இவங்களுக்குச் சொன்னா புரியாது", "இவங்க திரும்ப வரமாட்டாங்க" என்று ஆள் எடுப்பவர்கள் முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள். விதியில் எழுதப்படாத விலக்கு இது. எந்த அளவுகோலால் யாருடைய அறிவை அளக்கிறார்கள் என்று இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு தோழர் கட்டாயம் கேட்பார்: "ஏற்கனவே நம் மக்களை எலி மாதிரி பயன்படுத்துகிறார்கள். நீங்கள் கிழவர்களையும் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. 2009இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி, பெண் பிள்ளைகளுக்குத் தேவையானது. ஆனால் கேட்காமல் போட்டது குற்றம்.

கேட்காமல் இழுத்துக்கொள்வதும் கேட்காமல் ஒதுக்கிவிடுவதும் ஒரே கையின் வேலைதான். இரண்டிலும் நம்மிடம் கேட்பதில்லை. நான் கேட்பது எண்ணிக்கையை மட்டுமில்லை, உரிமையோடு சேர்ப்பதை.

சட்டத்தில் என்ன இருக்கிறது? 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், முதுமையில் வரும் நோய்க்கான மருந்தானாலோ அதை எடுக்கப்போகிறவர்களில் முதியவர்கள் கணிசமாக இருந்தாலோ, அவர்களைப் 'பொருள்படும் எண்ணிக்கையில்' மூன்றாம் கட்ட ஆய்வில் சேர்க்க வேண்டும் என்கின்றன. பொருள்படும் எண்ணிக்கை என்றால் எத்தனை? எண் இல்லை. எண் இல்லாத விதி என்ன ஆகும் என்று இடஒதுக்கீட்டு வரலாறு தெரிந்த நமக்குத் தெரியும்.

அதே விதிகளில் இன்னொரு அட்டவணையைப் பாருங்கள். ஆய்வினால் ஒருவர் இறந்தால் இழப்பீட்டைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதுக் காரணியாலும் ஆபத்துக் காரணியாலும் பெருக்கி, 99.37ஆல் வகுக்க வேண்டும். வயதுக் காரணி தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து எடுத்தது. 16 வயதுக்கு 228.54. வயது ஏற ஏறக் குறைந்து 65க்கும் அதற்கு மேலும் 99.37. அதாவது மற்றதெல்லாம் சமமாக இருந்தால், 16 வயதுக்காரருக்கு சுமார் 18 லட்சம், நம் ஆயாவுக்கு 8 லட்சம். இனி எத்தனை வருடம் சம்பாதிப்பார் என்பதுதான் உயிரின் விலை. நோய் அதிகம் உள்ளவருக்கு ஆபத்துக் காரணியும் குறையும். ஆய்வில் ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்கு இழப்பீடு குறைவு. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டும் பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் இருக்கிற ஒரு கிழவியின் உழைப்புக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று, வயதுக்கு மேல் வரம்பு வைக்கும் ஒவ்வோர் ஆய்வும் அதற்கான மருத்துவக் காரணத்தைப் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். நோயாளிகளில் முதியவர்கள் எவ்வளவோ, ஆய்விலும் ஏறத்தாழ அந்த அளவு இருக்க வேண்டும். 2024இல் திருத்தப்பட்ட ஹெல்சின்கி பிரகடனமே, சேர்ப்பதால் வரும் தீங்கோடு ஒதுக்குவதால் வரும் தீங்கையும் எடைபோடச் சொல்கிறது.

இரண்டு, ஆய்வு மக்களிடம் வர வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரையோடு வீட்டுக்கு வர முடிகிறவர்கள், அதன் விளைவைக் கேட்டு எழுதிக்கொண்டு போகவும் முடியும். 1978இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் வி.எஸ். நடராசன் முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவின் முதல் துறையைத் தொடங்கினார். அந்த மரபுள்ள மாநிலம் இதில் முன்னே நிற்க வேண்டும். மருத்துவமனைக்கு வரச் சொன்னால் வண்டிச் செலவும், கூடவருகிறவரின் ஒருநாள் கூலியும் தர வேண்டும்.

மூன்று, ஒப்புதல் என்பது கைநாட்டு வாங்குவதோடு முடியக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சார்பில்லாத சாட்சி வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தச் சாட்சி மருத்துவமனையின் ஆளாக இருக்கக்கூடாது, பங்கேற்பவர் நம்பும் ஆளாக இருக்க வேண்டும். பேச்சுத் தமிழில் சொல்லி, வீட்டுக்குப் போய்க் கலந்துபேசிவிட்டு வர நாள் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்றால் வழக்கமான சிகிச்சை குறையாது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான்கு, நெறிமுறைக் குழுக்களில் ஒரு பொதுமனிதர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடத்துக்கு நம் ஊர்களிலிருந்து ஆட்கள் போக வேண்டும். ஓய்வுபெற்ற தூய்மைப் பணியாளர் ஏன் அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது?

ஐந்து, இழப்பீட்டு அட்டவணையில் வயதுக் காரணியை நீக்க வேண்டும்.

ஆறு, எதை அளப்பது என்பதையும் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆய்வாளர்களுக்கு ரத்தத்தில் ஒரு எண் குறைந்தால் வெற்றி. எங்கள் ஆயாவுக்கு, யார் கையையும் பிடிக்காமல் கொல்லைப்பக்கம் போய்வந்தால் வெற்றி.

பெரியார் 94 வயது வரை இருந்தார். சிறுநீர் வெளியேறக் குழாயும் புட்டியுமாக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசிக் கூட்டம் 1973 டிசம்பர் 19இல், சென்னை தியாகராய நகரில். ஐந்து நாள் கழித்து இறந்தார். இன்றைய நிபந்தனைப் பட்டியலை வைத்துப் பார்த்தால் எந்த ஆய்விலும் அவரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். வயது அதிகம், பல நோய், நடக்க முடியாது. ஆனால் அந்த உடம்புக்கு எந்த மருந்து, எந்த அளவு பொருந்தும் என்று தெரிய வேண்டிய தேவை யாருக்கும் குறைந்ததாக இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2021 மதிப்பீட்டின்படி நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இன்னும் முப்பது வருடத்தில் இந்த அரங்கில் இருக்கிற நானும் அந்தக் கணக்கில் வருவேன்.

எங்கள் ஆயா இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அடுத்த முறை வீட்டுப் பெரியவரோடு மருத்துவமனைக்குப் போகும்போது மரியாதையாக, ஆனால் சத்தமாகக் கேளுங்கள்: "டாக்டர், இந்த மாத்திரையை இவங்க வயசுல இருக்கிறவங்களுக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்களா?" பதில் உடனே வராமல் போகலாம். ஆயிரம் பேர் கேட்டால், பதில் தேட வேண்டிய கட்டாயமாவது வரும்.